அப்பா, மகன், பொலிஸ்: வன்னியில ஒரு 12 நிமிசக் குற்றப்படம் எடுத்து முடிக்கிற முழு வழி

இது முதல் தடவையா குறும்படம் எடுக்கப்போற ஆக்களுக்கு. அதுவும் ஒரு பொலிஸ் கதை, அதுக்குள்ள ஒரு அப்பாவும் மகனும் எண்டு யோசிச்சு வச்சிருக்கிற ஆக்களுக்கு. நான் இப்பிடி நாலு படத்தில வேலை செய்திருக்கிறன், ரெண்டு முடிஞ்சுது, ரெண்டு பாதியில நிண்டுபோச்சு, பிறகு கிளிநொச்சி முல்லைத்தீவுப் பக்கத்துப் பெடியள் எடுக்கேக்க கூடப் போய் நிண்டு பாத்துமிருக்கிறன். எல்லாரும் தடக்கி விழுற இடம் ஒண்டுதான், ஒழுங்கு மாறிப்போறது. முதல்ல கமெரா வரும், பிறகு யூனிபோம் வரும், கதை கடைசியா வரும்.

விளங்குறதுக்காக ஒரே கதையை கடைசி வரைக்கும் உதாரணமா வச்சிருக்கிறன். ஒரு தமிழ் பொலிஸ் சார்ஜன். அவருக்கு 19 வயசில ஒரு மகன். இரவில களவா மணல் ஏத்துற டிப்பர்காரருக்கு, பொலிஸ் வருதெண்டு போன் அடிச்சுச் சொல்லுற வேலை செய்யிறவன் அந்த மகன். இவ்வளவுதான் கதை.

1. தொடங்க முதல் கையில இருக்க வேண்டியது

வடிவா படம் பிடிக்கிற ஒரு போன், ஒரு ஸ்டாண்ட், சேட்டில குத்துற மைக் ரெண்டு, பவர் பாங்க், ஒரு கொப்பி. இது காணும். கமெரா வாடகைக்கு எடுக்கிறதுக்கு காசு சேக்கிறம் எண்டு ஒரு வருசம் இருந்த குழுவை எனக்குத் தெரியும், கடைசியா கமெரா வந்த நேரம் நடிக்க இருந்தவன் கட்டாருக்குப் போட்டான்.

காசு கிடைச்சா முதல்ல மைக்குக்கு செலவழியுங்கோ. படம் கொஞ்சம் மங்கலா இருந்தா சனம் பொறுக்கும், கதைக்கிறது கேக்காட்டி எழும்பிப் போயிடும். மிச்சக் காசில பாதி சாப்பாட்டுப் பாசலுக்கும் பெற்றோலுக்கும்தான் போகும், அதை முதலே எழுதி வையுங்கோ.

2. குற்றத்தை விட்டிட்டு முதல்ல அப்பாவையும் மகனையும் எழுதுங்கோ

கொப்பியில ஒரு பக்கத்தை நடுவால கோடு கிழிச்சு, ஒரு பக்கம் மகனைப் பற்றி அப்பாவுக்குத் தெரிஞ்சது, மற்றப் பக்கம் அப்பாவைப் பற்றி மகனுக்குத் தெரிஞ்சது எண்டு எழுதுங்கோ. அதுக்குக் கீழ, ரெண்டு பேரும் ஒருத்தருக்கு ஒருத்தர் மறைக்கிறதை எழுதுங்கோ. குற்றம் எண்ட சொல்லை இந்தப் பக்கத்தில எழுதாதேங்கோ.

ஏனெண்டா, குற்றத்தில தொடங்கினா அப்பா எண்டவர் ஒரு பொலிஸ்காரனா மட்டும் வந்து நிப்பார், மகன் ஒரு கள்ளனா மட்டும் வந்து நிப்பான், கடைசிச் சீனில ரெண்டு பேரும் அழேக்க பாக்கிறவனுக்கு ஒண்டும் வராது. சார்ஜன் கதைக்கு நாங்கள் எழுதினது இப்பிடி: மகன் ஓ.எல். கணக்கு ரெண்டு தரம் எழுதிப் பெயிலானது அப்பாவுக்குத் தெரியும். அப்பா இடமாற்றம் கேட்டு எழுதிக் குடுத்த கடிதத்தை பிறகு தானே போய் திருப்பி எடுத்தது மகனுக்குத் தெரியும், ஏன் எடுத்தவர் எண்டு தெரியாது. மகனைத் தனிய விட்டிட்டுப் போகப் பயந்துதான் எடுத்தவர். இந்த ஒரு வரி கிடைச்ச பிறகுதான் எங்களுக்குப் படம் கிடைச்சுது.

எங்கட பக்கத்தில இன்னொரு விசயம் இருக்கு, இதை ஆறுதலா வாசியுங்கோ. வன்னியில அப்பா இல்லாமல் வளந்த பிள்ளையள் கன பேர். இறந்து போனவை ஒரு பக்கம், என்ன நடந்ததெண்டு இண்டைக்கும் தெரியாதவை இன்னொரு பக்கம். 2017 மாசி 20 ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில தொடங்கின அம்மாமாரின்ர போராட்டம் எல்லாருக்கும் தெரியும். அந்தச் சோகத்தை உங்கட கதைக்கு ஒரு உப்புப் போல தூவாதேங்கோ. காணாமல் போன அப்பா எண்டு ஒரு வரி போட்டா கதையின்ர முழுப் பாரமும் அங்க போயிடும், போகவும் வேணும், அப்ப அதுதான் உங்கட கதை, மணலும் டிப்பரும் தேவையில்லை. ரெண்டையும் ஒரு 12 நிமிசத்துக்குள்ள தூக்கேலாது.

3. அந்த மகனால மட்டும் செய்யக்கூடிய குற்றத்தைத் தெரிவு செய்யுங்கோ

புதுசா எழுதுற ஆக்கள் வழமையா கொலை எடுப்பினம். இல்லாட்டி கஞ்சாப் பொதி, ஐஸ். கொலையெண்டா பெரிய விசாரணை, தடயம், வைத்திய அறிக்கை எண்டு இழுபடும், 12 நிமிசம் அதுக்குக் காணாது. போதைப்பொருள் எண்டா அந்தப் பெடியன் ஆரின்ர மகனா இருந்தாலும் கதை ஒண்டுதான்.

நீங்கள் கேக்க வேண்டிய கேள்வி, இந்தப் பெடியன் இந்த அப்பாவுக்குப் பிறக்காட்டி இந்தக் குற்றம் நடந்திருக்குமா எண்டு. சார்ஜன் இரவு எங்க போறார் எண்டு வீட்டில இருக்கிறவைக்குத்தான் தெரியும். அவர் சப்பாத்துப் போடுற நேரம், போனில கதைக்கிற குரல், மனுசியிட்ட சாப்பாடு வேண்டாமெண்டு சொல்லுறது, இதெல்லாம் பாத்துத்தான் மகன் டிப்பர்காரருக்கு சொல்லுறான். அப்பாவின்ர மகனா இருக்கிறதுதான் அவன் விக்கிற சாமான். மூண்டு தரம் பொலிஸ் போய் வெறும் ஆத்தைப் பாத்திட்டுத் திரும்பினாப் பிறகு அப்பாவுக்கு யோசினை வர வேண்டிய இடம் தன்ர வீடுதான். துப்புத் துலக்க லாப் தேவையில்லை, குசினி காணும்.

மணல் கதை எடுக்கிறதெண்டா அதின்ர நடப்பு தெரிஞ்சிருக்க வேணும். மணல் அகழ புவிச்சரிதவியல் சுரங்கப் பணியகத்தின்ர அனுமதி வேணும், களவா ஏத்துறவை ஆத்துப் படுக்கையிலயும் காட்டுக் கரையிலயும் இரவில ஏத்துவினம், ஒழுங்கை முடக்கில மோட்டச்சைக்கிளோட பெடியன் நிப்பான். இதுகளை எங்கட சனம் கண்ணால கண்டிருக்கு, பிழையாக் காட்டினா உடன பிடிக்கும்.

ஒரு எச்சரிக்கை. உங்கட ஊரில உண்மையா நடந்த ஒரு வழக்கை அப்பிடியே எடுக்காதேங்கோ. ஊர் சின்னன். பேரை மாத்தினாலும் படலை, மாடு, மோட்டச்சைக்கிள் நிறம் எல்லாத்தையும் வச்சு ஆரெண்டு கண்டுபிடிப்பினம், அந்த வீட்டுத் தங்கச்சிக்கு நாளைக்கு ஒரு கல்யாணம் பேச ஏலாமல் போகும். மூண்டு வித்தியாசமான விசயங்களில இருந்து துண்டு துண்டா எடுத்துக் கலவுங்கோ.

4. பொலிஸ் நடைமுறையை எங்கட நாட்டு முறையில படியுங்கோ

இதிலதான் பத்துக்கு ஒன்பது கதை விழுகுது. பொலிஸ் எண்டாலே தமிழ்நாட்டுப் படம்தான் தலைக்குள்ள ஓடும், அதனால எஃப்ஐஆர், ஏட்டய்யா, டிஎஸ்பி, கமிஷனர் எண்டு எழுதிப்போடுவினம். இஞ்ச அது ஒண்டும் இல்லை. இஞ்ச சார்ஜன், சப் இன்ஸ்பெக்டர், இன்ஸ்பெக்டர், அதுக்கு மேல ஏ.எஸ்.பி., பொலிஸ் நிலையத்துக்குப் பொறுப்பா இருக்கிறவர் ஓ.ஐ.சி. எங்கட ஆக்கள் போய்ப் போடுறது என்ரி, குடுக்கிறது முறைப்பாடு. பொலிஸ் நீதிமன்றத்துக்கு வழக்கைக் கொண்டு போறது பீ றிப்போட்டோட, அதாவது நீதவானுக்குக் குடுக்கிற அறிக்கையோட. நீதவான் போடுறது விளக்கமறியல், எங்கட ஆக்கள் எடுக்கிறது பிணை. தோளில இருக்கிற நட்சத்திரக் கணக்கும் இந்தியாவில வேற, இஞ்ச வேற, ஒரு பழைய பேப்பர்ப் படத்தை வச்சுப் பாத்துச் சரி பண்ணுங்கோ.

தெரிஞ்சிருக்க வேண்டிய ரெண்டு சட்ட விசயம் இருக்கு, ரெண்டும் கதைக்கே உதவுற விசயம்.

முதலாவது, பிடிச்ச ஆளை 24 மணித்தியாலத்துக்குள்ள நீதவானுக்கு முன்னால கொண்டுபோக வேணும், 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்க குற்றவியல் நடவடிக்கைச் சட்டக்கோவை அப்பிடிச் சொல்லுது. அப்ப உங்கட கதைக்கு ஒரு மணிக்கூடு கிடைச்சிட்டுது. பெடியனைப் பிடிச்சது இரவு 2 மணி எண்டா அடுத்த நாள் இரவு 2 மணிக்கிடையில அப்பா ஒரு முடிவு எடுக்கோணும். வேற விறுவிறுப்பு ஒண்டும் போடத் தேவையில்லை.

ரெண்டாவது, சாதாரண வழக்கில ஒருத்தன் பொலிஸ் உத்தியோகத்தரிட்ட குற்றத்தை ஒத்துக்கொண்டா அது நீதிமன்றத்தில அவனுக்கு எதிரான சாட்சியமா எடுபடாது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தில அது வேற. இப்ப யோசிச்சுப் பாருங்கோ, மகன் அப்பாவிட்ட "ஓம் அப்பா நான்தான்" எண்டு சொல்லுறான். வழக்குக்கு அந்த வார்த்தை ஒரு சதத்துக்கும் உதவாது. அது அப்பாவுக்கும் மகனுக்கும் நடுவில மட்டும்தான் பெறுமதி. இதைத் தெரியாதவன் அந்தச் சீனை படத்தின்ர முடிவா வைப்பான், மகன் ஒத்துக்கொண்டான், கேஸ் முடிஞ்சுது எண்டு. தெரிஞ்சவன் அதை நடுவில வைப்பான், ஏனெண்டா அதுக்குப் பிறகுதான் அப்பாவின்ர பிரச்சினை தொடங்குது.

இன்னொண்டு, தன்ர மகனின்ர வழக்கை அப்பாவே விசாரிக்கிற மாதிரி எழுதாதேங்கோ. ஓ.ஐ.சி. அதை வேற ஆளிட்டத்தான் குடுப்பார். அப்பா செய்யக்கூடியது ரெண்டுதான், சொல்லுறது இல்லாட்டி சொல்லாமல் விடுறது. அது காணும், அதுக்கு மேல பாரம் வேண்டாம்.

5. கதைக்கிற பாசையைச் சரி பண்ணுங்கோ

சென்னைத் தமிழ் ஒரு சொல்லும் வேண்டாம். "டேய் என்னடா பண்ணிட்டிருக்க" எண்டு ஒரு விசுவமடு அப்பா கேக்க மாட்டார். எழுதின வசனத்தை உங்கட மாமாவுக்கோ பெரியப்பாவுக்கோ வாசிச்சுக் காட்டுங்கோ, அவர் எந்த இடத்தில தலையை நிமித்திப் பாக்கிறாரோ அந்த இடம் பிழை.

கூப்பிடுற முறையை வச்சே பாதிக் கதை சொல்லலாம். எங்கட அப்பாமார் மகனை "தம்பி" எண்டும் கூப்பிடுவினம், "அப்பன்" எண்டும் கூப்பிடுவினம், கோவம் வந்தாத்தான் முழுப் பேர் வரும். பொலிஸ்காரரும் றோட்டில மறிக்கிற பெடியனை "தம்பி" எண்டுதான் கூப்பிடுவினம். அப்ப சார்ஜன் வீட்டில ஒரு "தம்பி" சொல்லுறார், ஸ்ரேசனில ஒரு "தம்பி" சொல்லுறார், கடைசியா ஸ்ரேசனில தன்ர மகனைப் பாத்து "தம்பி" எண்டேக்க அது எந்தத் தம்பி எண்டு அவருக்கே தெரியாமல் நிக்கோணும். மற்றப் பொலிஸ்காரன் பெடியனிட்ட "கொப்பர் ஆர்?" எண்டு கேக்கிறதுக்கும் "அப்பா பேர் என்ன?" எண்டு கேக்கிறதுக்கும் எவ்வளவு தூரம் எண்டு எங்கட காதுக்குத் தெரியும்.

"காவல்துறை" எண்ட சொல்லில கவனம். தமிழ்நாட்டில அது சும்மா பொலிஸ். எங்கட பக்கத்தில வயசான ஆக்கள் காவல்துறை எண்டா முந்தி இயக்கம் (புலிகள்) வச்சிருந்த காவல்துறையைத்தான் சொல்லுவினம், இப்ப இருக்கிறதை பொலிஸ் எண்டு சொல்லுவினம். ஒரு அப்பப்பாவின்ர வாயில இந்தச் சொல்லைப் போடேக்க அவர் எந்தக் காலத்தைச் சொல்லுறார் எண்டு நீங்கள் தெரிஞ்சுகொண்டு போடோணும்.

அடுத்தது சிங்களம். வன்னியில பொலிஸ் நிலையத்துக்குள்ள கதை நடந்தா சிங்களம் வராமல் இருக்காது, எல்லாரும் செந்தமிழில கதைக்கிற ஸ்ரேசன் பொய். எங்கட படத்தில சனம் மறக்காத சீன் இதுதான்: பிடிபட்ட வேற ஒரு பெடியனின்ர அப்பா வந்து, கமக்காரன், கையில தொப்பியைப் பிடிச்சுக்கொண்டு பத்து வசனம் சொல்லுறார், பெடியன் சின்னனில இருந்து எப்பிடி, தாய்க்கு என்ன வருத்தம், வயல் எப்பிடி அழிஞ்சது எண்டு. சார்ஜன் அதை ஓ.ஐ.சிக்கு சிங்களத்தில ரெண்டு வசனமாச் சொல்லுறார். மிச்ச எட்டு வசனம் சார்ஜனின்ர வயித்துக்குள்ள கிடக்குது. பிறகு தன்ர மகனுக்காக அவர் கதைக்க வேண்டி வரேக்க, அந்த எட்டு வசனமும் அவருக்குத் தேவைப்படுது.

சிங்கள வசனத்தை இணையத்தில மொழிபெயர்த்துப் போடாதேங்கோ, சிங்களம் தாய்மொழியான ஒருத்தரிட்ட கேட்டு எழுதுங்கோ. சப்டைட்டிலும் போடுங்கோ, எங்கட இளசுகளுக்கு எல்லாருக்கும் சிங்களம் விளங்காது.

6. பிரதியை 12 பக்கத்துக்குள்ள அடக்குங்கோ

ஒரு பக்கம் ஏறத்தாழ ஒரு நிமிசம் எண்டு ஒரு கணக்கு இருக்கு. 20 பக்கம் எழுதிட்டு வெட்டேக்க பாப்பம் எண்டா, அந்த எட்டுப் பக்கத்தையும் எடுக்கிற நாளும் சோறும் வீண். நடிக்கிற ஆக்கள் நாலு பேருக்கு மேல வேண்டாம், இடம் மூண்டுக்கு மேல வேண்டாம்: வீடு, ஸ்ரேசன் அறை, ஆத்தங்கரை றோட்டு.

7. அனுமதி, யூனிபோம், டிப்பர்

கமெராவைத் தூக்க முதல் ஒரு கடிதம் அடியுங்கோ. படத்தின்ர கதை நாலு வரி, எடுக்கிற இடம், திகதி, நேரம், வாற ஆக்களின்ர பேர், அடையாள அட்டை இலக்கம். கிராம சேவையாளரிட்ட ஒண்டு, பிரதேச செயலகத்தில ஒண்டு, அந்தப் பகுதிப் பொலிஸ் நிலையத்தில ஒண்டு குடுத்து, வாங்கின கையெழுத்தோட ஒரு பிரதியை எப்பவும் பையில வையுங்கோ. குளக்கட்டில எடுக்கிறதெண்டா நீர்ப்பாசனத் திணைக்களம், காட்டுக்குள்ள எண்டா வன வளத் திணைக்களம். ட்ரோன் பறக்க விடுறதுக்கு தனி அனுமதி எடுக்கோணும், அதனால ட்ரோனை மறந்திடுங்கோ, இந்தக் கதைக்கு மேல இருந்து பாக்க ஒண்டுமில்லை. ஆமி காம்ப் பக்கம் கமெராவைத் திருப்பவே வேண்டாம்.

யூனிபோம் விசயம் விளையாட்டு இல்லை. பொலிஸ் இல்லாத ஆள் பொலிஸ் மாதிரி உடுத்துக்கொண்டு வெளியில திரியிறது குற்றம். எங்கட ரெண்டாவது படத்தில சார்ஜனா நடிச்ச அண்ணை, இடைவேளைக்கு அதே உடுப்போட சந்திக் கடைக்கு பிளேன்ரீ குடிக்கப் போட்டார். கடையில இருந்த ரெண்டு பெடியள் கதிரையை விட்டெழும்பி பின்னால போனாங்கள், ஒரு அம்மா பயந்து பேரனை உள்ள இழுத்தா. ஆரோ 119க்கு அடிச்சிட்டினம். பின்னேரம் வரைக்கும் நாங்கள் எல்லாரும் ஒரு பொலிஸ் நிலையத்து வாங்கில இருந்தம், கடிதம் கையில இருந்தபடியால வெளியில வந்தம். எனக்கு அதைவிட மனசில நிக்கிறது அந்த அம்மா பேரனை இழுத்த விதம். எங்கட சனத்துக்கு ஒரு காக்கிச் சேட் என்ன செய்யும் எண்டு அண்டைக்குத்தான் விளங்கினது.

அதுக்குப் பிறகு நாங்கள் வச்சிருக்கிற ஒழுங்கு: யூனிபோம் எடுக்கிற அறைக்குள்ள மட்டும், வாசலைத் தாண்டினா மேல ஒரு சேட், தொப்பி பையுக்குள்ள. உண்மையான சின்னம், இலக்கம் ஒண்டும் வேண்டாம். இன்னும் நல்லது, யூனிபோமைக் குறையுங்கோ. சார்ஜன் வீட்டில சாரத்தோட நிக்கட்டும், காக்கிச் சேட் கொடியில காயட்டும், மழைக்கு மகன் ஓடிப்போய் அதை எடுக்கட்டும். அந்தச் சேட்டை மகன் எப்பிடிப் பிடிச்சிருக்கிறான் எண்டதில இருக்கிறது, அப்பா அதைப் போட்டுக்கொண்டு நிண்டா வராது.

துவக்கு வேண்டாம். விளையாட்டுத் துவக்கும் வேண்டாம். வன்னியில ஒருத்தன் துவக்கு மாதிரி ஒண்டைத் தூக்கிக்கொண்டு றோட்டில நிக்கக் கூடாது, ஏன் எண்டு நான் விளக்கத் தேவையில்லை.

டிப்பரை சாரதியோட வாடகைக்கு எடுங்கோ, உள்ள மணல் ஏத்தாதேங்கோ. பெர்மிற் இல்லாமல் மணலோட பிடிபட்டா படம் எண்டு சொல்லி வெளியில வரேலாது. உமி மூட்டையை அடுக்கி மேல படங்கு போட்டுக் கட்டினா இரவில ஆருக்கும் வித்தியாசம் தெரியாது.

8. நடிக்கிற ஆக்களைத் தேடுற விதம்

வடிவான முகத்தைத் தேடாதேங்கோ. அப்பாவையும் மகனையும் முதல்ல ஒண்டா ஒரு வேலை செய்ய விடுங்கோ, மோட்டச்சைக்கிள் சில்லுக் கழட்டுறது, வேலி அடைக்கிறது, ஏதாவது. கதைக்காமல் வேலை செய்யேக்க ரெண்டு பேருக்கும் நடுவில எவ்வளவு இடைவெளி விழுகுது எண்டு பாருங்கோ. எங்கட அப்பாவும் மகனும் முகத்தைப் பாத்துக் கதைக்கிறது குறைவு, கையில ஒரு சாமான் இருக்கோணும், அப்பத்தான் வாய் திறக்கும். அந்த வேலையையே பிறகு சீனுக்குள்ள கொண்டு வாங்கோ.

பெடியனைத் தெரிவு செய்ய முதல் அவன்ர வீட்டுக்குப் போய் ஒருக்கா இருந்து கதையுங்கோ. இதை நான் செய்யாமல் விட்டன். நல்லா நடிக்கிற ஒரு பெடியன், எல்லாச் சீனும் ஒரே தரத்தில முடிச்சவன், "அப்பா" எண்டு கூப்பிட்டுக்கொண்டு ஓடுற சீனில மட்டும் அப்பிடியே நிண்டிட்டான். நாலு தரம் கத்திச் சொன்னனாங்கள். பிறகுதான் தாய் சொன்னா, 2009க்குப் பிறகு அவன் அந்தச் சொல்லைச் சத்தமாச் சொல்லிக் கூப்பிட்டதே இல்லையாம். நாங்கள் அந்தச் சீனை எடுக்கேல்லை. அவனுக்கு அந்தக் கதாபாத்திரம் வேணுமா வேண்டாமா எண்டு அவனே தீர்மானிக்கிற மாதிரி முதலே கேட்டிருக்க வேணும். 18 வயசுக்குக் குறைஞ்ச பிள்ளையெண்டா தாய் தேப்பன் இல்லாட்டி பாதுகாவலரின்ர எழுத்துச் சம்மதம் எடுங்கோ, எடுக்கிற நேரம் வீட்டு ஆள் ஒராள் பக்கத்தில நிக்கட்டும்.

9. இடமும் மாசமும்

மாரி ஐப்பசியில தொடங்கி மார்கழி தாண்டியும் நிக்கும், அந்த நேரம் திகதி குறிக்காதேங்கோ. எங்களுக்கு நல்லது மாசி பங்குனி. ஆனா காலபோக வயல் பின்னணியில வந்தா ஒரு பொறி இருக்கு: மார்கழியில பச்சை, தை கடைசியில மஞ்சள், வெட்டினாப் பிறகு வெறும் ஒட்டு. ஒரு சீனை மூண்டு கிழமை இழுத்து எடுத்தா அப்பா பச்சை வயலுக்குள்ளால நடந்துவந்து வெட்டின வயலுக்குள்ள மகனைச் சந்திப்பார். வயல் சீன் எல்லாத்தையும் ஒரே கிழமையில முடியுங்கோ.

வெய்யிலில காலமை 6 கால் தொடங்கி 8 அரை வரைக்கும், பின்னேரம் 4 மணிக்குப் பிறகு. நடுவில இருக்கிற நேரத்துக்கு வீட்டுக்குள்ள எடுக்கிற சீனை வையுங்கோ. மத்தியானம் வெளியில எடுத்தா கண்ணுக்குக் கீழ கறுப்பு விழும், எல்லாரும் கோவமா நிக்கிற மாதிரி இருக்கும்.

இரவுச் சீனுக்கு ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் காட்டுக்கரை றோட்டுக்குப் போற ஆக்கள் யானையை மறக்காதேங்கோ. ஊர் ஆள் ஒராள் கூட இல்லாமல் போக வேண்டாம். மிதிவெடிப் பலகை இருந்த இடம், துப்பரவாக்கி முடிஞ்சுதெண்டு ஊர்ச்சனம் உறுதியாச் சொல்லாத பத்தைக்குள்ள, எவ்வளவு வடிவா இருந்தாலும் கால் வைக்கக்கூடாது. மணல் சீனை ஊருக்குப் பக்கத்தில, தனியார் காணியில ஒரு மணல் திட்டியில எடுத்தாலும் இரவில ஆறு மாதிரித்தான் இருக்கும். டிப்பர் லைற்றும் மோட்டச்சைக்கிள் லைற்றும் போதும், அதுக்கு மேல வெளிச்சம் போட்டா கல்யாண வீடு மாதிரிப் போயிடும்.

போன் செற்றிங் ஒண்டு மட்டும்: 25 பிரேம், சட்டர் 1/50 வையுங்கோ. எங்கட கரண்ட் 50 ஹேர்ட்ஸ், போன் தானா வைக்கிற 30 பிரேமில எடுத்தா ரியூப் லைற் வெளிச்சத்தில படம் துடிக்கும், ஸ்ரேசன் அறை முழுக்க ரியூப் லைற்தானே. வெளிச்சத்தையும் போகசையும் லொக் பண்ணுங்கோ, இல்லாட்டி அப்பா கதவைத் திறந்து உள்ள வரேக்க முகம் கறுத்து வெளுத்து ஆடும்.

10. சத்தம்

வைகாசியில இருந்து புரட்டாதி வரைக்கும் சோளகக் காத்து. மைக்குக்கு பஞ்சு உறை போட்டாலும் பனை ஓலைச் சலசலப்பு உள்ள வரும், வாய்க்குக் கிட்ட மழை பெய்யிற மாதிரிக் கேக்கும். பனைக்குக் கீழ கதைக்கிற சீன் வைக்காதேங்கோ, வேலிக்கு இந்தப் பக்கம் சுவரோரமா வையுங்கோ.

மயில், நாய், லாண்ட்மாஸ்ரர், கோவில் லவுட்ஸ்பீக்கர். கோவில் திருவிழா எப்ப எண்டு முதலே விசாரியுங்கோ. வற்றாப்பளைப் பொங்கல் கிழமையில முள்ளியவளைப் பக்கம் றோட்டுச் சீன் எடுக்கப் போய், ஒரு வசனமும் எடுக்காமல் கும்பிட்டிட்டு வந்தம்.

ஒவ்வொரு இடத்திலயும் எல்லாரையும் வாயை மூடச் சொல்லிட்டு ஒரு நிமிசம் வெறும் சத்தத்தை மட்டும் பதியுங்கோ. வெட்டி ஒட்டேக்க ரெண்டு வசனத்துக்கு நடுவில அந்தச் சத்தத்தைப் போட்டாத்தான் ஓட்டை தெரியாது. இதை முதல் படத்தில ஆரும் செய்யிறதில்லை, ரெண்டாவது படத்தில எல்லாரும் செய்யிறவை.

11. எடுக்கிற வரிசை

கதை வரிசையில எடுக்காதேங்கோ, இட வரிசையில எடுங்கோ, ஆனா ஒரு சீனைத் தவிர. அப்பாவும் மகனும் முகத்துக்கு முகம் நிக்கிற சீனைக் கடைசி நாளுக்கு வையுங்கோ. நாலைஞ்சு நாள் ஒண்டாச் சாப்பிட்டு, வெய்யிலில நிண்டு, ஒருத்தருக்கு ஒருத்தர் தண்ணிப் போத்தல் குடுத்தாப் பிறகுதான் ரெண்டு நடிகருக்கும் நடுவில ஏதோ ஒண்டு வந்திருக்கும். முதல் நாளே எடுத்த படம் ஒண்டு எங்களிட்ட இருக்கு, ரெண்டு பேரும் வசனம் சரியாச் சொல்லுகினம், வேற ஒண்டும் இல்லை.

அந்தச் சீனில "வெட்டு" எண்டு கத்தாதேங்கோ. வசனம் முடிஞ்சாப் பிறகும் பத்து எண்ணும் வரைக்கும் கமெரா ஓடட்டும். எங்கட படத்தில இருக்கிற கடைசி ஷொட் அப்பிடிக் கிடைச்சதுதான், அப்பாவா நடிச்சவர் வசனம் முடிஞ்சுதெண்டு நினைச்சு பெடியன்ர சேட் கொலரைச் சரி பண்ணினார்.

ஒவ்வொரு நாளும் பின்னேரம் வீட்டுக்குப் போக முதல் ரெண்டு இடத்தில பிரதி எடுங்கோ, ஒண்டு ஒருத்தன்ர லப்டொப்பில, மற்றது வேற வீட்டில இருக்கிற ஹார்ட்டிஸ்கில. போன் நிறைஞ்சுதெண்டு அழிச்சுப்போட்டு பிறகு அழுத ஆக்கள் இருக்கினம்.

12. வெட்டி ஒட்டுறது

டாவின்சி ரிசால்வ் காசில்லாமல் கிடைக்குது, லப்டொப் சின்னனெண்டா போனில கப்கட் காணும். முதல் தரம் பாட்டு, பின்னணி இசை ஒண்டும் போடாமல் முழுப்படத்தையும் அடுக்குங்கோ. இசை இல்லாமல் நிக்காத சீன் இசை போட்டாலும் நிக்காது. ஆக்கள் பாடின பாட்டை எடுத்துப் போட்டா யூடியூப் நிப்பாட்டும், ஊரில புல்லாங்குழல் வாசிக்கிற ஆரையாவது கேளுங்கோ.

அப்பா கதைக்கேக்க அப்பாவைக் காட்டாதேங்கோ, கேட்டுக்கொண்டிருக்கிற மகனைக் காட்டுங்கோ. மகன் கதைக்கேக்க அப்பாவைக் காட்டுங்கோ. முழுப் படத்துக்கும் இல்லை, முக்கியமான ரெண்டு மூண்டு இடத்துக்கு.

13. முதல் காட்டுறது

தியேட்டரில போடுறதெண்டா படத்தைப் பாத்து அனுமதிக்கிற பொது அரங்காற்றுகைச் சபையின்ர சான்றிதழ் எடுக்க வேணும், அதுக்கு நேரம் பிடிக்கும். முதல்ல நடிச்ச ஆக்களின்ர குடும்பத்துக்கு மட்டும், ஒரு வீட்டு முத்தத்தில வெள்ளைச் சீலை கட்டிக் காட்டுங்கோ. யூடியூப்பில ஏத்த முதல் அவை பாக்கோணும், ஏதாவது ஒரு ஷொட்டை எடுக்கச் சொன்னா எடுங்கோ.

காட்டேக்க நீங்கள் திரையைப் பாக்காதேங்கோ, பக்கத்தில நிண்டு சனத்தின்ர முகத்தைப் பாருங்கோ. எங்க போனை எடுக்கினம், எங்க பிள்ளையள் எழும்புது எண்டு கொப்பியில நிமிசத்தைக் குறியுங்கோ, அந்த இடங்கள்தான் வெட்ட வேண்டியது. எங்கட படம் முதல் காட்டேக்க 14 நிமிசம், அந்த இரவுக்குப் பிறகு 11 அரை. பின்வரிசையில சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு நிண்ட அப்பாமாரைக் குறிப்பா கவனிச்சன், சார்ஜன் ரெண்டு வசனமாச் சுருக்கிச் சொல்லுற இடத்தில ஒருத்தர் பக்கத்தில நிண்ட மகனைத் திரும்பிப் பாத்தார். அந்தச் சீனில நாங்கள் பிறகு கை வைக்கேல்லை.